42,000 மரங்கள்... ஒரு பூஞ்சை! நிழலை இழந்துவரும் பிரான்ஸின் கால்வாய்ப் பாதை

மூச்சு வாங்க மலையேற வேண்டாம். வழி தவறவும் வாய்ப்பில்லை. ஒரு பக்கம் அசையாத பச்சைத் தண்ணீர், மறுபக்கம் திராட்சைத் தோட்டம். நடுவில் மண் பாதை. அதில் நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். களைத்துப்போனால் கரையில் உட்காரலாம். படகில் போகிறவர்களை முந்திவிட முடியாதே என்ற கவலையும் வேண்டாம். இங்கே படகுகளுக்கே மணிக்கு 8 கிலோமீட்டர்தான் வேக வரம்பு!

தெற்கு பிரான்ஸில், துலூஸ் நகரத்தில் தொடங்கி மத்தியதரைக் கடலை ஒட்டிய தோ காயல் வரை 240 கிலோமீட்டருக்கு நீள்கிறது 'கனால் து மிதி'. 1996-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது. நடைப் பயணிகளுக்கு இந்தக் கால்வாய் என்றாலே நினைவுக்கு வருவது ஒரு காட்சிதான். இரு கரையிலும் ஓங்கி வளர்ந்து, மேலே கிளைகோத்து, தண்ணீருக்கும் பாதைக்கும் சேர்த்துப் பந்தல் போட்ட பிளேன் மரங்கள். காஷ்மீரின் சினார் மரம் தெரியும் அல்லவா? அதன் நெருங்கிய உறவு இது.

அந்தப் பந்தல்தான் இப்போது துண்டு துண்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறது.

உப்பு வரி வசூலித்தவரின் கனவு

முதலில் இந்தப் பாதை எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். அட்லான்டிக் பக்கத்திலிருந்து மத்தியதரைக் கடலுக்குச் சரக்கு கொண்டுபோக, அந்தக் காலத்தில் ஸ்பெயினைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். புயல், கடற்கொள்ளையர் என்று ஏகப்பட்ட ஆபத்துகள். நாட்டின் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டிவிட்டால்? யோசனை பலருக்கும் வந்ததுதான். ஆனால் நடுவில் நிலம் மேடாக இருக்கிறது. மேட்டில் ஓடும் கால்வாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

விடை கண்டுபிடித்தவர் பொறியாளர் அல்ல. பியர்-பால் ரிக்கே என்ற உப்பு வரி வசூல் குத்தகைதாரர். கறுப்பு மலை என்று அழைக்கப்படும் மலைத்தொடரின் ஓடைகளைத் திருப்பி, சேன்-ஃபெரியோல் என்ற இடத்தில் அணை கட்டித் தேக்கி, அங்கிருந்து வாய்க்கால் வழியாக நொரூஸ் மேட்டுக்குக் கொண்டுவரலாம் என்றார். கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர் உயரத்தில் இருக்கும் நொரூஸில் விழும் தண்ணீர், ஒரு பக்கம் அட்லான்டிக்கை நோக்கியும் மறுபக்கம் மத்தியதரைக் கடலை நோக்கியும் பிரிந்து ஓடும். 1666-ல் மன்னர் பதினான்காம் லூயி அனுமதி கொடுத்தார்.

ஒரு கட்டத்தில் சுமார் 12,000 பேர் மண் சுமந்தார்கள். அவர்களில் பெண்களும் கணிசமாக இருந்தார்கள். மழை நாளுக்கும், நோய் நாளுக்கும்கூடக் கூலி கொடுத்தார் ரிக்கே. 17-ம் நூற்றாண்டில் இது நம்ப முடியாத விஷயம்! சொந்தப் பணத்தையும் கொட்டினார், கடனாளி ஆனார். 1680 அக்டோபரில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு மே மாதம் கால்வாய் திறக்கப்பட்டது. அவர் குடும்பம் கடன்களைத் தீர்த்து நிமிர 40 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இன்று நடப்பவர்கள் மிதிக்கும் பாதை, அன்று குதிரைகளின் பாதை. கரையில் குதிரை நடக்க, அதன் கயிற்றில் கட்டிய படகு தண்ணீரில் நகரும். 19-ம் நூற்றாண்டில் ரயில் வந்தது. கால்வாய் வழியே பயணம் செய்தவர்களும் சரக்கும் மெல்ல மெல்ல ரயிலுக்குப் போய்விட, கடைசியில் மிஞ்சியது உல்லாசப் படகுகளும், சைக்கிள்களும், நடப்பவர்களும்.

ஒரே குன்றுக்குள் மூன்று சுரங்கங்கள்

முழு 240 கிலோமீட்டரையும் நடந்தே கடக்கிறவர்கள் உண்டு. நாளுக்கு 20 கிலோமீட்டர் என்றால் 12 நாள். அவ்வளவு விடுமுறை யாருக்குக் கிடைக்கிறது? ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், பெசியே நகரத்திலிருந்து ஆன்செரூன் குன்று வரை நடப்பதுதான் சிறந்த தேர்வு.

பெசியேயின் ஓரத்தில் ஃபோன்செரான் என்ற இடத்தில் 'லாக்' படிக்கட்டு இருக்கிறது. லாக் என்பது படகுகளுக்கான லிஃப்ட் மாதிரி. படகு உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீரை ஏற்றினால் படகும் உயரும். அப்படி எட்டு அறைகளை அடுத்தடுத்து வைத்து, படகை 21 மீட்டருக்கு மேல் உயர்த்தும் ஏற்பாட்டை ரிக்கேயின் ஆட்கள் செய்தார்கள். அறைகளின் சுவர்கள் நேராக இல்லாமல் முட்டை வடிவில் வளைந்திருக்கும். மண்ணின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக அப்படி ஓர் அமைப்பு. சில குடும்பங்கள் அங்கேயே அரை நாளைக் கழித்துவிடுகின்றன. படகு மேலே ஏறுவதைப் பார்ப்பதில் குழந்தைகளைவிட அப்பாக்களுக்குத்தான் ஆர்வம் அதிகம்!

அங்கிருந்து மேற்கே நடந்தால் 54 கிலோமீட்டருக்கு ஒரு லாக்கூடக் கிடையாது. நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப, ஒரே மட்டத்தில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது கால்வாய். கொலொம்பியே கிராமத்தைத் தாண்டியதும் எதிரே ஒரு குன்று. அதைச் சுற்றிப் போக முடியாமல், உள்ளே துளைத்துக்கொண்டு போயிருக்கிறார் ரிக்கே. 1679-ல் வெட்டப்பட்ட, சுமார் 165 மீட்டர் நீளமுள்ள மல்பாஸ் சுரங்கம், ஐரோப்பாவில் படகு போவதற்காகக் குடைந்த முதல் கால்வாய்ச் சுரங்கம். பொலபொலவென்று உதிரும் மண் என்பதால் வேலையை நிறுத்தச் சொல்லி மேலிடத்தின் நெருக்கடி வந்ததாம். அதிகாரிகள் வருவதற்குள் எட்டே நாளில் ரகசியமாகத் துளைத்து முடித்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு.

அதே குன்றுக்குள் பிற்காலத்தில் ரயில் சுரங்கம் ஒன்றும் வந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, 13-ம் நூற்றாண்டு வடிகால் சுரங்கம். அது எதற்கு என்று தெரிய வேண்டுமானால் குன்றின் மேலே ஏற வேண்டும். பயப்படத் தேவையில்லை, மெல்லிய ஏற்றம்தான். உச்சியில், கிறிஸ்துவுக்கு முன் 6-ம் நூற்றாண்டிலேயே மக்கள் வாழ்ந்த ஊரின் இடிபாடுகள். அங்கிருந்து கீழே பார்த்தால் மோந்தாதி ஏரி. அதில் தண்ணீர் இல்லை. வயல்கள் மட்டும், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைப் போல நடுவிலிருந்து விரிந்து கிடக்கின்றன! 1247-ல் சதுப்பை வற்றவைக்க வெட்டிய வாய்க்கால்கள் அவை. தண்ணீரை நடுவுக்கு இழுத்து, குன்றின் அடியில் இருக்கும் அந்தச் சுரங்கம் வழியாக வெளியேற்றுகின்றன. இன்றும்!

வெட்டினார்கள், எரித்தார்கள், நட்டார்கள்

இப்போது மரங்களின் கதைக்கு வருவோம்.

2006-ல் கர்கசோன் அருகே வில்துபேர் என்ற ஊரில் கால்வாய்க் கரை பிளேன் மரம் ஒன்று பட்டுப்போவதைக் கண்டார்கள். காரணம், 'நிறப் புற்று' என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைக்கும் பூஞ்சை நோய். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படைகள் கொண்டுவந்த வெடிமருந்து மரப்பெட்டிகளோடு இது பிரான்ஸுக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. மரத்தின் நீர்க்குழாய்களை இந்தப் பூஞ்சை அடைத்துவிடும். சில ஆண்டுகளில் மரம் செத்துவிடும். மருந்து கிடையாது.

கால்வாய் இந்தப் பூஞ்சைக்கு வசதியான நெடுஞ்சாலை ஆகிப்போனது. கரையைப் பிடித்து நிறுத்தும் வேர்கள் தண்ணீருக்குள் நீண்டு கிடக்கின்றன. படகுகள் உரசி அவற்றில் காயம் உண்டாகிறது. அந்தக் காயம் போதும், பூஞ்சை உள்ளே நுழைந்துவிடும். பக்கத்து மரங்களின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கும் தாவிவிடும். அதனால், நோய் கண்ட மரத்தோடு அக்கம்பக்கத்தில் நன்றாக இருக்கும் மரங்களையும் வெட்டி, அதே இடத்தில் எரிக்க வேண்டியிருக்கிறது. மொத்தம் சுமார் 42,000 பிளேன் மரங்கள் இருந்தன. பாதிக்கும் மேல் போய்விட்டன.

நடப்பவர்களுக்கு இதன் அர்த்தம் வேறு. ஒரு திருப்பம் வரை குளுகுளு குகை. திருப்பம் தாண்டினால் மொட்டை வெயில். ஜூலை, ஆகஸ்ட்டில் தெற்கு பிரான்ஸ் வெயில் சும்மா இல்லை! ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை அல்லது செப்டம்பர், அக்டோபரில் போவது நல்லது. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். துலூஸ் பக்கம் தார் போட்ட பாதை. கிழக்கே போகப் போக மண்ணும் வேர்களும் என்பதால் நல்ல ஷூ தேவை. துலூஸ், கர்கசோன், நார்போன் ரயில் பாதை பல இடங்களில் கால்வாய்க்குப் பக்கத்திலேயே வருகிறது. ஒரு வழி நடந்துவிட்டு ரயிலில் திரும்பிவிடலாம். வழியில் காஸ்தெல்நோதாரி ஊரின் 'காஸ்ஸூலே' ரொம்பப் பிரபலம். சைவர்கள் உஷார்... பீன்ஸ் கறி போலத்தான் தெரியும், உள்ளே வாத்தும் பன்றியும் இருக்கும்!

வெட்டிய இடங்களில் புதிய கன்றுகளை நட்டுவருகிறார்கள். முக்கியமாக ஒரு வகை ஓக் மரம். நோயைத் தாங்கும் புதுரக பிளேன் மரத்தையும் சோதித்துப் பார்க்கிறார்கள். இனி ஒரே இனத்தை வரிசையாக நட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதில் மட்டும் தெளிவாக இருக்கிறார்கள்.

பழைய அழகு போய்விட்டதே என்று புலம்புகிறவர்கள் நிறைய. நியாயம்தான். ஆனால் பிளேன் மரங்கள் ரிக்கே நட்டவை அல்ல. 18-ம் நூற்றாண்டில் இந்தக் கரையில் பட்டுப்புழுவுக்காக மல்பெரி வளர்த்தார்கள். பிறகு மரக்கட்டைக்காக பாப்லர் வைத்தார்கள். 19-ம் நூற்றாண்டில்தான் பிளேன் மரங்கள் பெருமளவில் வந்தன. நிழல் தரும், கரையைப் பிடிக்கும், தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கும் என்று நட்டார்கள். அவற்றை நட்டவர்கள் காலத்திலும் இந்தப் பாதையில் வெயில்தான் அடித்திருக்கும்.

புதிய கன்றுகள் பந்தல் போட இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை, மரம் இழந்த பகுதிகளில் மதிய நேரத்தில் நடப்பவர்களுக்குப் பழைய கல்பாலங்களின் நிழல்தான் கதி. பையை இறக்கிவைத்து, ரொட்டியும் சீஸும் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். படகில் வருகிறவர்கள் தாழ்வான அந்தப் பாலத்துக்காகத் தலையைக் குனிந்தபடியே கையசைத்துவிட்டுப் போவார்கள்.