விதி மாறினால் சரக்கு என்னாகும்?

இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகர கேம்ஸ் வேர்க்ஷொப் கொம்பனி, சிறு போர்வீரர் பொம்மைகளையும் அவற்றை மேசையில் வைத்து ஆடுவதற்கான விதிநூல்களையும் விற்கிறது. அதன் 'வோர்ஹேமர் 40,000' விளையாட்டுக்கு 2017, 2020, 2023 ஆகிய வருடங்களில் புதுப் பதிப்புகள் வந்தன. புதியவருக்கு இது நல்ல தருணம். பழையவரும் அன்றுதான் புது விதியைப் படிக்கத் தொடங்குவார். ஆனால் பழையவர் காசு கொடுத்து வாங்கிய விதிநூல் வெறும் கடதாசியாகிவிடும்.

2015இல் இதே கொம்பனி வெளியிட்ட 'ஏஜ் ஒஃப் சிக்மார்' விதிகள் நான்கே பக்கம், அதுவும் இலவசம். புதியவருக்கு இதைவிட இலகு ஏது? ஆனால் படைகளைச் சமப்படுத்தப் புள்ளிக் கணக்கே இல்லை. தராசில்லாத கடையில் எதை நிறுப்பது? சுற்றுப்போட்டி நடத்தியவர்கள் தாங்களே கணக்கு வகுக்க வேண்டியதாயிற்று. 2016இல்தான் கொம்பனி புள்ளிகளுடன் கைநூல் வெளியிட்டது.

நானென்றால், புதுப் பதிப்பு வரும் வருடத்தில் பொம்மைகளை வாங்கி அடுக்குவேன். பழைய விதிநூலை வாங்கமாட்டேன்.