கடவுளை விசுவசிக்கிறோம் என்பதன் பொருள் என்ன?

“சுவாமி, விசுவாசம், விசுவாசம் என்கிறீர்கள். 1985இல் எங்கள் வீடுகள் எரிந்தபோது உங்கள் கடவுள் எங்கே இருந்தார்?” திரியாய் மக்களிடமிருந்து நாம் கேட்ட கேள்வி இது. வீட்டையும் வயலையும் மாட்டையும் விட்டு ஓடியவர்களுக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் சைவர்கள். எவரையும் மதம் மாற்றுவதற்காக அல்ல, எங்கள் சொல்லின் பொருளை நேர்மையாகக் கூறவே இதை எழுதுகிறோம்.

ஞாயிறு திருப்பலியில் நாங்கள் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம், கி.பி. 325இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்களின் சங்கத்தில் வேர்கொண்டது. அதில் ‘விசுவசிக்கிறேன்’ என்பது, கடவுள் இருக்கிறார் என ஒத்துக்கொள்வது மட்டுமன்று. வானத்தில் மேகம் இருக்கிறது என்று அறிவது ஒன்று. அதை நம்பி விதைநெல்லை வயலில் எறிவது வேறொன்று. விசுவாசத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும், செபத்தின் முடிவில் நாங்கள் சொல்லும் ‘ஆமென்’ என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. உறுதியாய் நிற்றல் என்பதே அவ்வேரின் கருத்து.

கமக்காரருக்கு ‘உறுதி’ என்றதும் காணி உறுதிதான் நினைவுக்கு வரும். விவிலியத்திலும் அப்படியொரு காணி உறுதி உண்டு. கி.மு. 587 அளவில் பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. இறைவாக்கினர் எரேமியா காவலில் இருந்தார். அந்த வேளையில் தம் சொந்த ஊரான அனத்தோத்தில், தந்தையின் சகோதரருடைய மகனிடமிருந்து ஒரு நிலத்தை 17 செக்கேல் வெள்ளி கொடுத்து வாங்கினார். பகைவர் கையில் விழப்போகும் நிலத்தை எவராவது வாங்குவாரா? அவர் வாங்கினார். சாட்சிகள் ஒப்பமிட்டனர். உறுதி நெடுநாள் கெடாதிருக்க மண்பானையில் வைக்கப்பட்டது. இந்நாட்டில் மீண்டும் வீடும் வயலும் வாங்கப்படும் என்பதே அதன் கருத்து.

ஆனாலும் நகரம் வீழ்ந்தது. மக்கள் நாடு கடத்தப்பட்டனர். கி.மு. 538க்குப் பின் திரும்பியோரின் பட்டியலில் அனத்தோத்து ஊரார் 128 பேர் என எஸ்ரா நூல் கணக்குத் தருகிறது. 2002 போர்நிறுத்தத்தின் பின் தம் ஊருக்குத் திரும்பிய திரியாய்க் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கின் அருமை விளங்கும்.

எனவே விசுவாசம் துன்பம் வராது என்பதற்கான பிணையன்று. எருசலேமின் அழிவை மக்களின் பாவத்துக்கான தண்டனையாக எரேமியா கண்டார். அதைக் கொண்டு உங்கள் துன்பத்தையும் தண்டனை என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று கேட்டபோது, அவருடையதுமன்று, பெற்றோருடையதுமன்று என்றார் இயேசு.

அப்படியானால் கடவுள் எங்கே இருந்தார்? எரித்தவர் பக்கம் அல்ல, எரிக்கப்பட்டவர் பக்கம் இருந்தார் என்று நாங்கள் விசுவசிக்கிறோம். சிலுவையில் கொல்லப்பட்டவரில் கடவுளைக் காண்கிறவர்கள் வேறு விதமாகச் சொல்ல முடியாது. இது இழந்தவரின் கண்ணீருக்கு முழு விடையாகாது என்பதையும் அறிவோம்.

செயலற்ற விசுவாசம் செத்தது என்கிறார் யாக்கோபு. எரேமியா செபித்தார்; உறுதியையும் பத்திரப்படுத்தினார். நாமும் இரண்டையும் செய்வோம். கையிலுள்ள உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் பிரதியெடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். பதிவான உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். தனியே போகாமல் அயலவரோடு சேர்ந்து போங்கள். எந்தச் சமயத்தவராயினும், அந்தப் படியேறும்போது நாமும் உங்களோடு வருவோம்.