நாலு, ரெண்டு, பூஜ்யம், ஒண்ணு!

நான் பி.காம். பட்டதாரி. எதைப் பார்த்தாலும் வரவு செலவு எழுதிப் பார்க்கிற புத்தி!

போன வாரம் மடிப்பாக்கம் வீட்டில் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய வீட்டு வரி ரசீது கிடைத்தது. 'மடிப்பாக்கம் ஊராட்சி, பரங்கிமலை ஒன்றியம், காஞ்சிபுரம் மாவட்டம்' என்று போட்டிருந்தது.

"இந்த ஊராட்சி இப்ப எங்கேப்பா?" என்றேன்.

"மாநகராட்சி முழுங்கிடுச்சு. கூடவே என்னோட மூணு ஓட்டையும்!" என்றார் அப்பா.

மூணு ஓட்டா? உட்கார்ந்து கணக்கைப் பார்த்தோம்.

1986-க்குப் பிறகு பத்து வருஷம் கழித்து, 1996-ல்தான் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. கிராமத்து வாக்காளர் கையில் நாலு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலருக்கு ஒன்று. வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி மாதிரிச் சின்னங்கள்தான். அதனால் கட்சியைப் பார்த்துக் குத்த முடியாது, ஆளைப் பார்த்துத்தான் குத்தணும்.

"தண்ணி வரலேன்னா காலையில ஆறு மணிக்குத் தலைவர் வீட்டு வாசல்ல நிப்போம். மனுஷன் பல் தேய்ச்சுக்கிட்டே பதில் சொல்வார்" என்றார் அப்பா.

2001, 2006 தேர்தல்களிலும் அதே நாலு. வரவு சுத்தம்!

2011-ல் சென்னையைச் சுற்றியிருந்த 42 உள்ளாட்சி அமைப்புகளை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 ஆனது. வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. எங்கள் ஊராட்சியும் அதில் ஐக்கியம். அந்த வருஷத் தேர்தலில் மேயருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று. ஆக, ரெண்டு. என் முதல் உள்ளாட்சி ஓட்டு அதுதான். விரல் மையை ஆபீஸ் பூராவும் காட்டித் திரிந்தேன்!

2016-ல் அறிவித்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கவுன்சிலர்களின் பதவிக்காலமும் முடிந்தது. தனி அதிகாரி வந்தார். கொரோனா வந்த 2020-லும் சென்னையில் வார்டுக்கு ஒரு கவுன்சிலர் கிடையாது. அஞ்சு வருஷத்துக்கும் மேலே எங்கள் கணக்கில் பூஜ்யம்.

2022 பிப்ரவரியில் ஒருவழியாகத் தேர்தல் வந்தது. இந்த முறை மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒண்ணே ஒண்ணு.

நாலு, ரெண்டு, பூஜ்யம், ஒண்ணு. "பாருங்கப்பா, எப்படி ஏமாத்திட்டாங்க!" என்று பொங்கினேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஒண்ணை நீ போட்டியா?"

எனக்கு வேர்த்தது. அன்றைக்குச் சனிக்கிழமை. வரிசை குறையட்டும், மத்தியானம் போகலாம் என்று படுத்தவன், எழுந்தபோது மணி ஆறரை. சென்னையில் அன்றைக்கு ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 43 பேர்தான். அதில் அப்பா ஒருத்தர். முட்டிவலியோடு, கைத்தடி ஊன்றிப் போய் வந்தார்.

"மூணு ஓட்டு போனது சட்டத்தாலே. நாலாவது போனது உன் தூக்கத்தாலேடா. அதை எந்தக் கணக்குல எழுதப்போறே?" என்றார்.

பி.காம்.ல அதைச் சொல்லித்தரலை சார். வாராக்கடன்னு எழுதிக்க வேண்டியதுதான்!