மண்ணுக்குள் போன ஆறும் கடல் தாண்டி வந்த குதிரையும்

குதிரைக்காரர் முன்னங்காலை மடக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, சின்ன இரும்புக் கொக்கியால் குளம்புக்குள் சிக்கியிருந்த சுண்ணாம்புக் கல்லை நெம்பி எடுத்தார். மூன்று காலில் நின்றபடி குதிரை அவர் முதுகை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். குளம்பின் அடியில், நடுவாக, ரப்பர் போல முக்கோண வடிவில் ஒரு மெத்தை. கட்டைவிரலால் அழுத்திப் பார் என்று சைகை காட்டினார். அழுத்தினேன், அமுங்கியது. விட்டேன், எழுந்தது.

அந்த மெத்தையை அப்படி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது என்று சொல்லலாம். எலும்பும் தசைநாண் கயிறுகளும்தான். நம் கெண்டைக்காலில் தசை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தசை இல்லாத காலில் கீழே இறங்கிய ரத்தம் எப்படி மேலே ஏறும்? குதிரை அடி வைக்கும்போதெல்லாம் உடம்பின் பாரம் இந்த மெத்தையை அமுக்குகிறது. அதற்குள்ளும் அதைச் சுற்றியும் இருக்கும் ரத்தம் மேல்நோக்கி ஓடுகிறது. நடப்பதே ரத்தத்தை ஏற்றும் வேலை. நாலு காலிலும் நாலு சின்ன இதயங்களைக் கட்டி அனுப்பியிருக்கிறான் படைத்தவன். இத்தனைக்கும் அந்தக் குளம்பு என்பது ஒரே ஒரு விரலின் நகம். நம் நடுவிரல் எதுவோ அதுதான் குதிரைக்கு ஒரு கால். முந்நூறு, நானூறு கிலோ எடையையும் அதன்மேல் என்னையும் நாலு நகங்கள் தாங்கப் போகின்றன என்று நினைத்தபோது ஏறுவதற்கே கூச்சமாக இருந்தது.

இது மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பம். கான்கூனுக்குத் தெற்கே, புவெர்ட்டோ மொரேலோஸ் என்ற கடலோர ஊரிலிருந்து காட்டுக்குள் திரும்பும் சாலை. அதன் ஓரங்களில் நிறைய செனோட்டுகள் இருக்கின்றன. செனோட் என்றால் பூமி தானாகத் திறந்துகொண்ட கிணறு. தமிழில் அதற்கு நெருக்கமான சொல் பொய்கை. காலையில் குதிரைச் சவாரி, பிறகு செனோட்டில் குளியல், மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடலாம். மகன் ஏற்பாடு செய்திருந்தான். நானும் மனைவியும் அவனோடு போனோம்.

ஏறி உட்கார்ந்ததும் காடு வேறு மாதிரி ஆகிவிட்டது. காரில் வரும்போது பச்சைச் சுவராகத் தெரிந்தது, குதிரைமேலிருந்து தனித்தனி மரமாகப் பிரிந்தது. அதில் ஒன்றைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது: சப்போட்டா. நம் ஊரில் எத்தனை தோட்டத்தில் பார்த்த மரம்! அதன் சொந்த ஊர் இந்தப் பக்கம்தான். சப்போட்டா என்ற பெயரே மெக்சிகோவின் பழைய நாவாட்ல் மொழியிலிருந்து ஸ்பானியர் வாய்வழியாக நமக்கு வந்தது. அடிமரத்தில் கோணல்மாணலாகப் பழைய வெட்டுத் தழும்புகள். சூயிங்கம் செய்வதற்காக ஒரு காலத்தில் பால் இறக்கிய தடம். தழும்புக்குமேல் பட்டை மூடி, மரம் பாட்டுக்கு உயர்ந்து நின்றது.

குதிரை தலையை ஆட்டவில்லை, வாலை வீசவில்லை. ஒரு ஈ அதன் தோள்பட்டையில் வந்து உட்கார்ந்தது. அந்த இடத்துத் தோல் மட்டும், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, சிலிர்த்து ஈயைத் தூக்கி எறிந்தது. கை இல்லாத பிராணிக்குத் தோலே கையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. வெயில் ஏற ஏற, சேணத்தின் ஓரத்தில் வெள்ளையாக நுரை கட்டியது. பயந்துபோன என் மனைவி, "என்னங்க, இதுக்கு ஏதோ பண்ணுதுங்க" என்றாள். குதிரையின் வியர்வையில் சோப்பு மாதிரி வேலை செய்யும் ஒரு புரதம் உண்டு. லேதரின் என்று பெயர். அடர்ந்த மயிரில் வியர்வை ஒட்டாமல் நின்றுவிடக் கூடாது, பரவி நனைத்து ஆவியாக வேண்டும். அதற்காகத்தான் அந்த நுரை. அவளுக்கு இதைச் சொன்ன பிறகு குனிந்து அந்த நுரையைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒரு மணி நேரம் நடந்திருப்போம். ஒரு ஓடை இல்லை, வாய்க்கால் இல்லை, பாலம் இல்லை. இத்தனை மரங்கள், இத்தனை மழை பெய்யும் பூமி, ஆனால் தண்ணீர் ஓடிய சுவடே இல்லை. யுகத்தானின் வடபகுதி முழுவதும் அப்படித்தான். தரை முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்யும் மழை காற்றிலும் இலைமக்கிய மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. கல்லின் வெடிப்பு வழியே இறங்கி, இறங்கும் வழியெல்லாம் கல்லைக் கரைத்துக்கொண்டே போகிறது. ஆறுகள் இல்லாமல் இல்லை. அவை நம் குதிரையின் காலடியில், இருட்டுக்குள் ஓடுகின்றன. தூலும் ஊருக்குப் பக்கத்தில் சாக் ஆக்டுன் என்ற நீருக்கடிக் குகையை முக்குளிப்போர் அளந்துகொண்டே போய், 2018இல் இன்னொரு பெரிய குகையோடு அது சேர்வதைக் கண்டுபிடித்தார்கள். மொத்த நீளம் அப்போதே சுமார் 347 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சி போகும் தூரத்துக்குமேல் ஒரே குகை, முழுக்கத் தண்ணீருக்குள்.

குதிரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு முழுவதும் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது அதுதான். நாம் நினைப்பதுபோல் குதிரை அரேபியாவில் பிறந்ததில்லை. இதே அமெரிக்கக் கண்டத்தில், சுமார் ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், நாய் உயரத்தில், முன்னங்காலில் நாலு விரலும் பின்னங்காலில் மூன்று விரலுமாக அதன் மூதாதை காட்டுக்குள் இலை மேய்ந்துகொண்டிருந்தது. அதற்கும் சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்னால்தான், இதே யுகத்தானின் வடக்குக் கரையில், இப்போது சிக்சுலூப் என்ற ஊர் இருக்கும் இடத்தில், பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாத ஒரு விண்கல் விழுந்தது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது. சுமார் 180 கிலோமீட்டர் அகலப் பள்ளம். டைனோசர்கள் மறைந்தன, எலி அளவில் பதுங்கியிருந்த பாலூட்டிகளுக்கு உலகம் காலியானது. மெரிடா நகரத்தைச் சுற்றி, அந்தப் பள்ளத்தின் விளிம்பு புதைந்து கிடக்கும் கோட்டிலேயே, செனோட்டுகள் வில்போல் வளைந்து வரிசையாகத் திறந்திருக்கின்றன. அழித்த அடி ஒன்றுதான். குதிரைக்கு வழி விட்டதும் அதுதான், கிணறுகளுக்குக் கோடு போட்டதும் அதுதான். இதை வெறும் தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

நாய் உயரத்திலிருந்த அந்தப் பிராணி வளர்ந்தது, விரல்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டு ஒற்றை விரலில் ஓடப் பழகியது. வடக்கே பெரிங் நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்குள் ஒரு கூட்டம் போயிற்று. பிறகு, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன், பிறந்த மண்ணில் குதிரை இனமே இல்லாமல் போயிற்று. யுகத்தானின் லோல்துன் குகையில் அந்தப் பழைய குதிரைகளின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. போன கூட்டம் மட்டும் மிஞ்சியது. அதன் வம்சம்தான் உலகெங்கும் பரவி, 1493இல் கொலம்பஸின் இரண்டாவது பயணத்தில் கப்பலேறி, தாய்மண்ணின் பக்கம் திரும்பியது. 1519இல் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்த்தேஸ் கோசுமெல் தீவில் இறங்கியபோது அவரிடம் 16 குதிரைகள். வழியில் ஒரு பெட்டைக்குதிரை கப்பலிலேயே குட்டி போட்டிருந்தது. அந்தக் கோசுமெல் நாங்கள் இருந்த கரைக்குப் பக்கத்தில்தான்.

வந்தவர்கள் செய்த கொடுமைகள் வேறு கதை. குதிரைக்கு அதில் பங்கில்லை, சுமந்தது, அவ்வளவுதான். அதுவரை குதிரையையே பார்த்திராத மாயா மக்கள் அதற்கு 'த்ஸீமின்' என்று பெயர் வைத்தார்கள். அது அவர்கள் காட்டில் ஏற்கெனவே இருந்த ஒரு பிராணியின் பெயர்: நீண்டு தொங்கும் மூக்குள்ள டேபிர். இன்றைக்கு உயிரியல் படித்தவர்கள் குதிரை, காண்டாமிருகம், டேபிர் மூன்றையும் ஒரே வரிசையைச் சேர்ந்த உறவுகளாக வைக்கிறார்கள். எலும்பை அறுத்துப் பார்க்காமல், கண்ணால் பார்த்தே அந்த மக்கள் சரியான சொந்தத்தைச் சொல்லிவிட்டார்கள். காட்டோடு வாழ்ந்த கண் அது.

1525இல் கோர்த்தேஸ் தெற்கே பெத்தேன் ஏரி வழியாகப் போனபோது, கால் நொண்டிய தன் கருங்குதிரையை இட்சா மாயா அரசனிடம் விட்டுச் சென்றார். பூவும் கோழிக்கறியும் படைத்துப் பார்த்ததாகச் சொல்வார்கள். புல்லைத் தவிர எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை, இறந்துபோயிற்று. அவர்கள் அதற்குக் கல்லில் ஒரு சிலை வைத்து, மழைக்கடவுள் சாக்கின் பெயரையும் அதோடு சேர்த்து வணங்கினார்கள். 1618இல் அங்கே போன ஒரு பாதிரியார் அதை உடைத்துப் போட்டார். மழைக்கும் குதிரைக்கும் ஒரே பெயரை வைத்தவர்களின் மனதை அவர் கொஞ்சம் நின்று கேட்டிருக்கலாம்.

குதிரைகளை மர நிழலில் கட்டினோம். கட்டியதும் என் குதிரை ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, கண்ணைப் பாதி மூடியது. காலின் மூட்டைப் பூட்டிக்கொண்டு, தசையைச் சிரமப்படுத்தாமல், நின்றபடியே கண்ணயரத் தெரிந்த பிராணி. அதன் தூக்கத்தைக் கலைக்காமல் நடந்தோம்.

நடந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி பூமி சட்டென்று நின்றுவிட்டது. கீழே நீலம்.

மரப்படிகள் இறங்குகின்றன. ஊர்க்கிணறு நாலைந்தை ஒன்றாகச் சேர்த்த அகலம். ஒரு பக்கம் கூரை அப்படியே நிற்கிறது; மறுபக்கம் இடிந்து வானம் தெரிகிறது. செனோட் பிறப்பது அப்படித்தான். உள்ளே குடைந்துகொண்டே போன தண்ணீர் ஒரு நாள் மேற்கூரையைத் தாங்க முடியாத மெல்லிசாக ஆக்கிவிடுகிறது, அது விழுகிறது, ஒளி முதல்முறையாக உள்ளே வருகிறது. விளிம்பிலிருந்து ஒரு மரத்தின் வேர்கள் கயிறு கயிறாக, ஆள் உயரத்துக்குப் பத்து மடங்கு இறங்கி, தண்ணீரைத் தொட்டு, தொட்ட இடத்தில் செந்நிறத் தூரிகையாக விரிந்திருந்தன. அத்தி இனம். நம் ஆலமரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன். மேலே மண் ஒரு சாண்கூட இல்லாத கல்தரை. எங்கே தண்ணீர் என்று அந்த வேருக்கு யார் சொன்னார்கள்?

இறங்குவதற்குமுன் எல்லோரையும் குழாயடியில் நன்றாகக் குளிக்கச் சொன்னார்கள். சன்ஸ்கிரீன், வாசனை எண்ணெய் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. கண்டிப்பாகச் சொன்னார்கள், சொல்ல வேண்டியதுதான். இந்த ஊர்கள் குடிப்பதும் இந்த நிலத்தடி நீரைத்தான். இங்கே கரைவது இங்கேயே நிற்காது. குகை வழியாக நடந்து கடலில் போய்ச் சேரும். புவெர்ட்டோ மொரேலோஸ் கடலுக்கடியில் நல்ல தண்ணீர் குமிழியிட்டு எழும் ஊற்றுக்கண்கள் இருக்கின்றன. அதையொட்டித்தான் பவளப்பாறைகள்.

என் மனைவிக்குத் தண்ணீர் என்றால் பயம். லைஃப் ஜாக்கெட்டை இரண்டு முறை இழுத்துக் கட்டச் சொன்னாள். கடைசிப் படியில் நின்று குனிந்து பார்த்தவள், "அடி தெரியுதுங்க" என்றாள், நம்பாத குரலில். தெரிந்தது. கல்லாலேயே வடிகட்டப்பட்ட தண்ணீர். பாசி வளரச் சத்தே அதில் அதிகம் இல்லை. ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு இறங்கினாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

வருஷம் முழுவதும் 25 டிகிரிக்கு அக்கம்பக்கத்திலேயே நிற்கும் குளிர்ச்சி. முதலில் மூச்சு நின்றது, பிறகு உடம்பு அதை ஏற்றுக்கொண்டது. சுண்டுவிரல் நீள மீன்கள் காலைக் கடித்துப் பார்த்தன. நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூரை நிழல் பக்கம் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன்: தண்ணீருக்கு உள்ளே, தலைகீழாக, கல் விழுதுகள் தொங்கின.

கல் விழுது தண்ணீருக்குள் வளராது. மேலிருந்து ஒரு சொட்டு இறங்கி, காற்றில் நின்று, தன்னிடமிருந்த சுண்ணாம்பில் ஒரு துகளை விட்டுவிட்டு விழ வேண்டும். ஆயிரம் வருஷத்தில் ஒரு சாண் வளர்ந்தாலே பெரிது. அப்படியென்றால் நான் நீந்திக்கொண்டிருந்த இடம் ஒரு காலத்தில் வறண்ட குகை. பனியுகத்தில் உலகின் நீரில் நிறையப் பனியாக உறைந்து கிடந்தபோது கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் வரை கீழே இருந்தது. நிலத்தடி நீரும் அதோடு இறங்கியிருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறியது, குகைகள் நிறைந்தன. தூலுமுக்குப் பக்கத்தில் ஓயோ நெக்ரோ என்ற நீருக்கடிப் பள்ளத்தில் 2007இல் முக்குளிப்போர் ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டைக் கண்டார்கள். 12,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. பதினைந்து, பதினாறு வயது. நையா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வறண்டு கிடந்த அந்தக் காலத்தில் தண்ணீர் தேடி இருட்டில் உள்ளே வந்து விழுந்திருக்கலாம் என்று எண்ணுகிறார்கள். பிறகு தண்ணீரே அவளைத் தேடி வந்து, மூடி, இத்தனை ஆயிரம் வருஷம் கலையாமல் வைத்திருந்தது. அவள் நடந்த காலத்தில் இந்தக் கண்டத்தில் குதிரையும் இருந்தது.

மல்லாந்து மிதந்தேன். காது தண்ணீருக்குள் போனதும் எல்லாச் சத்தமும் அடங்கி, என் நெஞ்சடிப்பு மட்டும் கேட்டது. மேலே வட்டமாக வானம். குகைச்சுவரின் ஒரு பொந்திலிருந்து நீலப்பச்சை நிறத்தில் ஒரு பறவை வெளியே வந்து வேரில் உட்கார்ந்தது. வாலில் இரண்டு நீண்ட இறகுகள், நுனியில் மட்டும் அகன்று. அவற்றைக் கடிகாரப் பெண்டுலம் போல இடமும் வலமும் ஆட்டியது. மாயா மக்கள் அதைத் தோஹ் என்கிறார்கள். செனோட்டுகளின் சுவரில் கூடு வைக்கும் பறவை. இது பறந்து போகும் திசையைப் பார்த்தே காட்டில் தண்ணீர் இருக்கும் இடத்தைக் கண்டுகொள்வார்களாம். ஆறு கண்ணுக்குத் தெரியாத ஊரில், ஆறு இருக்கும் இடத்தைக் காட்டச் சிறகோடு ஒரு அடையாளம் வைக்கப்பட்டிருக்கிறது.

மழை மண்ணுக்குள் தொலைந்தது. இங்கே கண் திறந்தது. குதிரை கண்டத்திலிருந்தே தொலைந்தது. கடல் சுற்றி இங்கேயே வந்து நின்றது. இரண்டும் ஒரு அரை நாளில், ஒரே காட்டில், என் கைக்கு எட்டின. அதைத் தந்தவனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல், மிதந்தபடியே கைகூப்பினேன்.

திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. சேணத்தை இறக்கி, ஈரத் துணியால் முதுகைத் துடைத்துவிட்டு, குதிரைக்காரர் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பினார். நாங்கள் நீந்திய அதே தண்ணீர், கொஞ்ச தூரம் இருட்டில் நடந்து வந்தது. குதிரை உதட்டை மட்டும் மேற்பரப்பில் வைத்தது. உறிஞ்சும் சத்தமே இல்லை. ஒவ்வொரு மடக்குக்கும் கழுத்தில் ஒரு உருண்டை மேலேறியது, ஒவ்வொரு மடக்குக்கும் இரண்டு காதும் ஒருமுறை அசைந்தன. என் மனைவி தொட்டிப் பக்கத்தில் நின்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வரை எண்ணினாள். அதற்குமேல் எண்ணாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.