கண்டவர் யார்?
மர்மப் பிராணிகள் பற்றிய நூல்களும் நமது பிள்ளைகளும்

 

ஏரியில் தலைநீட்டும் நீண்ட கழுத்துடைய விலங்கு, பனிமலையில் மனிதனைப் போல் நடமாடும் மிருகம், வானில் தோன்றி மறையும் இனந்தெரியாத ஒளி. இவற்றைப் பற்றிய நூல்கள் மாணவர்களிடையே கைக்குக் கை மாறுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பாடப்புத்தகத்தினுள் மறைத்துவைத்து வாசிப்போரும் உண்டு. வாப்பா கண்டுவிட்டால், "இந்தக் குப்பையெல்லாம் எதற்கு?" என்று பறித்துவிடுவார். மகனோ மறுநாளே நண்பனிடம் வேறொன்றை இரவல் வாங்கிவிடுவான். பறிப்பதால் வாசிப்பு நிற்பதில்லை. வீட்டில் அதைப்பற்றிப் பேசுவதுதான் நின்றுவிடுகிறது.

விந்தையான படைப்புகளைப் பற்றி வாசிப்பது நமது பாரம்பரியத்துக்குப் புதியதொன்றன்று. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-கஸ்வீனி "அஜாஇபுல் மக்லூகாத்" என்ற பெருநூலைப் படைப்பின் அற்புதங்களைப் பற்றியே எழுதினார். அதற்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர், பஸராவைச் சேர்ந்த அல்-ஜாஹிழ் "கிதாபுல் ஹயவான்" என்ற விலங்குகள் பற்றிய நூலை எழுதியிருந்தார். மக்கள் கண்மூடி நம்பிய பல கதைகளை ஐயத்துடன் நோக்கியவர் அவர். எனினும் காண்டாமிருகத்தைப் பற்றிய ஒரு வினோதக் கதை அவருடைய நூலிலும் இடம்பிடித்துவிட்டது. குட்டி தாயின் வயிற்றில் பல ஆண்டுகள் இருக்குமாம். பசித்தால் தலையை வெளியே நீட்டிப் புல் மேய்ந்துவிட்டு, மீண்டும் உள்ளே சென்றுவிடுமாம்!

பிற்காலத்தில் வரலாற்றாசிரியர் அல்-மஸ்ஊதி (மறைவு கி.பி. 956) இதனைக் கண்ணுற்றார். அவர் ஜாஹிழை ஏளனம் செய்யவில்லை; புத்தகத்தைத் தூக்கி வீசவுமில்லை. சீராப், ஓமான் துறைமுகங்களின் கடலோடிகளிடமும், இந்தியா சென்று திரும்பிய வணிகர்களிடமும் சென்று விசாரித்தார். அவர்கள் எல்லோரும் அக்கேள்வியைக் கேட்டு வியந்தனர். பசுவும் எருமையும் ஈனுவதைப் போன்றே காண்டாமிருகமும் ஈனுகிறது என்றனர். ஜாஹிழுக்கு இக்கதை எங்கிருந்து கிடைத்ததோ, ஒரு நூலிலிருந்தா, யாரோ ஒருவர் வாய்மொழியாகவா என்று மஸ்ஊதி தமது "முரூஜுத் தஹப்" நூலில் எழுதிவைத்தார். இளைஞர்களே, ஒரு மர்மக் கதையை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரியை நான் அறியேன். கண்டவர் யார்? அவரிடம் கேட்டவர் யார்?

இக்கேள்விகளோடு ஸ்கொட்லாந்தின் லொக் நெஸ் ஏரிக்குச் செல்வோம். இத்தகைய நூல்களில் பெரும்பாலும் முதலிடம் பெறுவது அந்த ஏரியின் "நெஸ்ஸி" என்ற பிராணிதான். 1933 மே மாதத்தில் "இன்வர்னஸ் கூரியர்" என்ற உள்ளூர்ப் பத்திரிகை, ஏரியில் பெரும் உயிரினம் ஒன்று காணப்பட்டதாகச் செய்தி வெளியிட்டது. அவ்வாண்டு டிசம்பரில், "டெய்லி மெயில்" பத்திரிகை மர்மடியூக் வெதரெல் என்ற வேட்டைக்காரரை அங்கு அனுப்பியது. அவர் கரையில் பெரும் காலடித் தடங்களைக் கண்டுபிடித்தார். லண்டன் நூதனசாலை நிபுணர்கள் பரிசோதித்தபோது, அவை உலர்த்திப் பதப்படுத்தப்பட்ட நீர்யானைக் கால் ஒன்றினால் பதிக்கப்பட்டவை எனத் தெரியவந்தது. வெதரெல் ஊராரின் நகைப்புக்கு ஆளானார்.

1934 ஏப்ரலில் அதே பத்திரிகையில் ஒரு புகைப்படம் வெளியாயிற்று. அமைதியான நீர்ப்பரப்பில் ஒரு நீண்ட கழுத்து, ஒரு சிறிய தலை. எடுத்தவர் ஒரு வைத்தியர் எனப்பட்டது. வைத்தியர் பொய் சொல்வாரா? அறுபது ஆண்டுகளாக அந்தப் படம் உலகெங்கும் நூல்களில் ஆதாரமாக அச்சிடப்பட்டது. உண்மை 1994இல் வெளிவந்தது. வெதரெலின் வளர்ப்பு மகன் கிறிஸ்டியன் ஸ்பர்லிங், தாம் இறப்பதற்கு முன்னர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தார். அது ஒரு விளையாட்டு நீர்மூழ்கிக் கப்பல். அதன் மேல் தலையும் கழுத்தும் செய்து பொருத்தப்பட்டிருந்தன. தம்மை நகைத்தவர்களைப் பழிவாங்க வெதரெல் செய்த சூழ்ச்சி அது. வைத்தியரின் பெயர் படத்துக்கு மதிப்புத் தேடவே பயன்படுத்தப்பட்டது. படத்தின் ஓரங்கள் வெட்டப்பட்டிருந்தமையால் சிறு பொம்மை பெரும் விலங்காகத் தோன்றியது. வெட்டப்படாத முழுப் படத்தைப் பார்த்தால் விரிந்த நீரில் அது ஒரு சிறு புள்ளிதான்.

2018இல் நியூஸிலாந்து விஞ்ஞானி நீல் கெமெல் தலைமையிலான குழு, அந்த ஏரியின் பல இடங்களிலும் பல ஆழங்களிலுமிருந்து சுமார் 250 நீர் மாதிரிகளைச் சேகரித்தது. நீரில் வாழும் உயிர்கள் விட்டுச்செல்லும் மரபணுத் துணுக்குகளை அவர்கள் ஆராய்ந்தனர். 2019இல் முடிவு வெளியானது. ஊர்வன இனத்தின் மரபணு எதுவும் கிடைக்கவில்லை. விலாங்கு மீனின் மரபணுவோ ஏராளமாகக் கிடைத்தது.

அப்படியாயின் மர்மப் பிராணிகள் அனைத்துமே பொய்யா? அவ்வாறு அவசரப்படுவதும் பிழையே. 1938 டிசம்பரில், தென்னாபிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகர நூதனசாலையில் பணியாற்றிய மார்ஜரி கோர்ட்னி-லட்டிமர் என்ற இளம் பெண், மீன்பிடிக் கப்பல் ஒன்றில் வந்த மீன்களிடையே ஒரு விசித்திர மீனைக் கண்டார். அதனை வரைந்து, பேராசிரியர் ஜே.எல்.பி. ஸ்மித்துக்குக் கடிதம் அனுப்பினார். அது சீலகாந்த். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்துவிட்டது என்று அறிஞர்கள் கருதியிருந்த இனம்! ஸ்மித் அடுத்த மீனைத் தேடி, படத்துடன் பரிசு அறிவித்தல்களைக் கரையோரமெங்கும் அனுப்பினார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1952இல், கொமொரோ தீவுகளில் அது கிடைத்தது. அங்குள்ள முஸ்லிம் மீனவர்களுக்கு அது புதுமையன்று. "கொம்பெஸ்ஸா" என்று பெயரிட்டு, அவ்வப்போது தூண்டிலில் பிடித்துவந்தனர். உலகம் அழிந்ததென்று எழுதிவைத்திருந்த மீனைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

"ஜின்களை நம்புகிறோமே, இவற்றை நம்பினால் என்ன?" என்று பிள்ளை கேட்கக்கூடும். நல்ல கேள்வி, அதட்டி அடக்காதீர்கள். மறைவானவற்றில் நமது நம்பிக்கை வஹியின் அடிப்படையிலானது. மங்கலான புகைப்படம் எதுவும் அதற்குத் தேவையில்லை. அப்படம் பொய்யென நிரூபிக்கப்பட்டாலும் அதற்குக் குறைவில்லை. ஏரியில் ஒரு விலங்கு உண்டா என்பது தேடிப் பார்த்து அறியவேண்டிய விடயம்.

கதை நூலைவிட்டுத் தெருவுக்கு இறங்கினால் நேர்வதென்ன என்பதை நாம் 2011 ஆகஸ்டில் கண்டோம். "கிறீஸ் பூதம்" பற்றிய பேச்சு நாட்டின் பல பாகங்களிலும் பரவியது. உடலெங்கும் கிறீஸ் பூசியிருக்கிறான், சப்பாத்தில் ஸ்பிரிங் பூட்டிக் கூரை தாவுகிறான் என்றெல்லாம் கூறப்பட்டது. பெண்கள் தாக்கப்பட்டதாக முறைப்பாடுகள் இருந்தன. அவற்றை வெறும் கற்பனை என்று தள்ளுவது அப்பெண்களுக்கு இழைக்கும் அநீதியாகும். அவை முறையாக விசாரிக்கப்பட வேண்டியவையாகவே இருந்தன. ஆனால் ஸ்பிரிங் சப்பாத்துக் கதைகள் விசாரணைக்கு உதவவில்லை. இளைஞர்கள் இரவிரவாகப் பொல்லுகளுடன் காவல் நின்றனர். அந்நியராகத் தோன்றியோர் அடிக்கப்பட்டனர். புத்தளத்தில் மக்கள் கூட்டத்தினால் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் உயிரிழந்தார். அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துவிடாதபடி, வந்த செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனம் பணிப்பதை அந்த இரவுகளில் நம்மில் எத்தனை பேர் நினைவுகூர்ந்தோம்? அன்று வாய்வழியாகப் பரவியது, இன்று கைத்தொலைபேசியில் விரலசைவில் பரவுகிறது.

எனவே பெற்றோர்களே, நூலைப் பறிக்காமல் அருகில் அமர்ந்து ஓர் அத்தியாயத்தை மகனோடு, மகளோடு வாசியுங்கள். 1994க்கு முன்னர் அச்சான நூலாயின் அந்த வைத்தியரின் படம் அதில் ஆதாரமாகவே இருக்கும். நம்முடைய நூலகங்களில் அத்தகைய பழைய பிரதிகள் இன்றும் இருக்கக்கூடும். அப்பக்கத்தில், அது பொம்மை என ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டதை ஒரு சிறு துண்டுக் கடதாசியில் பிள்ளையின் கையாலேயே எழுதி வைக்கச் செய்யுங்கள். அதன் பின்னர் நண்பனுக்கு நூலை இரவல் கொடுக்கட்டும். அவன் திருப்பித் தரும்போது, அத்துண்டில் இன்னுமொரு வரி சேர்க்கப்பட்டிருக்கவும் கூடும்.