இளவேனிற் காலக் கார்டிகனுக்கு ஏற்ற நூல்

வட இந்தியாவில் பிப்ரவரி இறுதியிலிருந்து மார்ச் முடிய, விடியலில் குளிரும் நண்பகலில் வெயிலும் ஒரே நாளில் வந்து போகின்றன. இப்பருவத்திற்கெனக் கையால் பின்னப்படும் கார்டிகன், உடலின் வெப்பத்தைக் காப்பதோடு வியர்வையையும் ஏற்று வெளியேற்ற வேண்டும். ஆனால், மகளிர் பின்னல் மையங்களுக்கு நூல் கொள்முதல் செய்வோர் பலரும் நிறத்தையும் கிலோ விலையையும் மட்டுமே நோக்குகின்றனர்.

இயல்பான காற்றுநிலையில் கம்பளி தன் எடையில் சுமார் 16 விழுக்காடு ஈரத்தை ஏற்கும். பருத்தி ஏறத்தாழ 8 விழுக்காடு. அக்ரிலிக் 2 விழுக்காட்டிற்கும் குறைவு. நண்பகலில் அக்ரிலிக் ஆடை புழுங்குவதன் காரணம் இதுவே. எனினும் அது மலிவானது, எளிதில் துவைக்கத்தக்கது. குழந்தைகளின் ஆடைக்கு அதனை ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

கம்பளி அனைத்தும் ஒன்றல்ல. இராஜஸ்தான் ஆடுகள் தரும் கம்பளியில் பெரும்பகுதி முரட்டு இழை, கம்பளத்திற்கே உகந்தது. 30 மைக்ரானுக்கு மேற்பட்ட தடிமனுள்ள இழை தோலை உறுத்தும். மெல்லிய மெரினோ இழைக்கு லூதியானா ஆலைகள் பெரிதும் ஆஸ்திரேலியாவையே நம்பியுள்ளன. அவிகாநகரில் 1962இல் நிறுவப்பட்ட மத்திய ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் கலப்பின முயற்சிகளை மேற்கொண்டும் இந்நிலை மாறவில்லை.

கிலோ விலை ஏமாற்றக்கூடியது. பருத்தி இழையின் அடர்த்தி கம்பளியினுடையதைவிட மிகுதி. ஆகவே ஒரே தடிமனுள்ள நூலானாலும், ஒரே அளவுள்ள ஆடைக்குப் பருத்தி கூடுதல் எடை பிடிக்கும். தன் எடையாலேயே நாளடைவில் தொங்கவும் செய்யும். எனவே 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பின்னி எடை போடுவதே சரியான வழி. நடுத்தர அளவுக் கார்டிகனுக்கு அத்தகைய சதுரங்கள் சுமார் 90 தேவை எனக் கொள்வோம். சதுரம் 3 கிராம் எனில் 270 கிராம் நூல் வேண்டும். 4 கிராம் எனில் 360 கிராம். ஒப்பிட வேண்டியது இந்த எடைக்கான விலையையே. அச்சதுரத்தைத் துவைத்து உலர்த்தி மீண்டும் அளந்தால், சுருக்கமும் தளர்ச்சியும் புலப்படும்.

இச்சோதனைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஆடையைப் பின்னி முடிக்கவோ வாரக்கணக்கில் ஆகும். இரண்டு சலவையில் உருக்குலைந்த ஆடை விலைபோகாதபோது, இழப்பைச் சுமப்பவர் நூலை வாங்கிய அலுவலகம் அன்று, பின்னிய பெண்ணே. என் கருத்தில், இப்பருவத்திற்கு மெல்லிய மெரினோ அல்லது பருத்தியும் கம்பளியும் கலந்த நூலே ஏற்றது.

கலப்பு நூலில் ஐயம் எழுந்தால் ஒரு துண்டைக் கவனமாக எரித்துப் பார்க்கலாம். கம்பளி முடி கருகும் மணம் தரும். பருத்தி காகிதம்போல் எரியும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகும். ஓர் ஆடைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே சாயத் தொகுதி எண்ணில் ஒருமிக்க வாங்கிவிடுதல் நன்று. பின்னர் வாங்கும் நூலில் நிறம் சற்றே வேறுபடும்.