நீர்க்கட்டணமும் எதிரணியின் குரலும்

குடிநீர்க் கட்டணம் உயர்த்தப்படும் ஒவ்வொரு தடவையும் எதிரணியினர் அதனைக் கண்டிப்பதும், ஆட்சியிலிருப்போர் நீர் வழங்கல் சபையின் நட்டத்தைக் காரணங்காட்டுவதும் இந்நாட்டு மக்களுக்குப் பழகிப்போன காட்சியாகும். 2023 ஆகஸ்டில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கட்டணங்கள் அதிகரிக்கப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. அவ்வேளை எதிரணியிலிருந்த ஐக்கிய மக்கள் சக்தியும் தேசிய மக்கள் சக்தியும் பொருளாதார நெருக்கடியின் சுமையைச் சாதாரண மக்களின் தலையில் ஏற்றுவதாக அரசாங்கத்தைச் சாடின. அவர்களுள் ஒரு சாரார் 2024 இல் ஆட்சிப்பீடமேறினர். எனவே, அன்றைய கண்டனத்தில் எது நியாயமானது, எது கூறப்படாமல் விடப்பட்டது என்பதை நிதானமாக ஆராய்வது பயனுள்ளதாகும் எனக் கருதுகின்றோம்.

முதலில் அரசாங்கத் தரப்பின் வாதத்தை நோக்குவோம். 2012 ஆம் ஆண்டுக்குப் பின்னர் பத்து வருடங்களாகப் பெரிதாக மாற்றப்படாதிருந்த கட்டணம் 2022 செப்டெம்பரில் திருத்தப்பட்டது. 1886 இல் கொழும்புக்கு நீர் தரத் தொடங்கிய லபுகம நீர்த்தேக்கத்திலிருந்தும், பிற்காலத்தில் அமைந்த களட்டுவாவயிலிருந்தும் நீர் புவியீர்ப்பினாலேயே நகரை வந்தடைகின்றது. ஆனால், இன்றைய கொழும்பின் தேவையில் பெரும்பகுதியை நிறைவு செய்யும் களனி கங்கை நீரை அம்பத்தளையில் இறைத்துச் சுத்திகரித்து, மீண்டும் மின்விசையினால் உந்தியே நகருக்கு அனுப்பவேண்டியுள்ளது. மின்கட்டணமோ 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதத்தினாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதத்தினாலும் உயர்ந்தது. வெளிநாட்டுக் கடன்களைக் கொண்டு அமைக்கப்பட்ட திட்டங்களுக்கான தவணைகளும் இதனுடன் சேர்ந்துகொண்டன. ஆகவே, சபையின் செலவு அதிகரித்தது என்பது மறுக்கமுடியாத உண்மையாகும்.

இவ்விடத்திலேயே எதிரணியின் கண்டனம் இன்னும் ஆழமாகச் சென்றிருக்க வேண்டும். செலவு உயர்ந்ததா என்பதை விட, உயர்ந்த செலவு யார் மீது எவ்வாறு பகிரப்பட்டது என்பதே முக்கியமான கேள்வியாகும். 2023 ஆம் ஆண்டுக் கட்டணத்தின்படி சாதாரண வீட்டுப் பாவனையாளர் முதல் ஐந்து அலகுகளுக்கு, அதாவது ஐயாயிரம் லீற்றர் வரை, அலகொன்றுக்கு 60 ரூபாவும், அடுத்த ஐந்துக்கு 80 ரூபாவும், அதற்கடுத்த ஐந்துக்கு 100 ரூபாவும் செலுத்த வேண்டியிருந்தது. இதற்கு மேலதிகமாக 300 ரூபா மாதாந்தச் சேவைக் கட்டணம் அறவிடப்பட்டது. ஐந்து அலகுகளை மாத்திரம் பாவித்த ஒருவரின் பட்டியல், வரிகள் நீங்கலாக, 600 ரூபாவாகும். அதில் சரிபாதி சேவைக் கட்டணமே. அவருக்கு ஓர் அலகு 120 ரூபாவாகின்றது. பதினைந்து அலகுகள் பாவித்தவரோ 1500 ரூபா செலுத்துகின்றார். அவருக்கு ஓர் அலகு 100 ரூபா மட்டுமே. சிக்கனமாக நீரைப் பாவிக்கும் தனித்து வாழும் முதியவர் அலகொன்றுக்குக் கூடுதலாகச் செலுத்துகின்றார் என்பதே இதன் பொருளாகும். சிக்கனத்தை ஊக்குவிப்பதற்காகவே படிமுறைக் கட்டணம் என்ற விளக்கம் இங்கு பொய்த்துப் போகின்றது.

இன்னுமொரு குறைபாடு தலைநகரின் தமிழ் மக்களை நேரடியாகத் தொடுவதாகும். கட்டணப் படிமுறை ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம், ஒரு நீர்மானி என்ற கணக்கில் வகுக்கப்பட்டது. கொட்டாஞ்சேனையின் நெருக்கமான குடியிருப்புகளிலும், வெள்ளவத்தையில் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்ட வீடுகளிலும் நிலைமை வேறு. அங்கு மூன்று, நான்கு குடும்பங்கள் ஒரே மானியின் கீழ் வாழ்கின்றன. தனித்தனியே கணக்கிட்டால் கீழ்ப்படியில் அடங்கவேண்டிய பாவனை, ஒன்றாகக் கூட்டப்படும்போது மேற்படியின் விலைக்குச் சென்றுவிடுகின்றது. சமுர்த்திப் பயனாளிகளுக்கும் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சலுகைக் கட்டணம் உண்டெனினும், தமது பெயரில் இணைப்பே இல்லாத வாடகைக் குடும்பம் அதனைக் கோருவதெவ்வாறு? வீட்டுரிமையாளர் சொல்லும் தொகையைக் கொடுப்பதைத் தவிர அக்குடும்பத்துக்கு வேறு வழியில்லை.

2024 ஆகஸ்டில் வீட்டுப் பாவனைக்கான கட்டணம் 7 சதவீதத்தினால் குறைக்கப்பட்டது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் சகலருக்கும் ஒரே விகிதத்தில் வழங்கப்படும் குறைப்பு மேற்கூறிய அநீதியை நீக்கப் போதுமானதல்ல.

சபையின் நட்டத்துக்குப் பாவனையாளர் மட்டுமே பொறுப்பாளியல்லர் என்பதையும் சுட்டிக்காட்ட வேண்டும். கடந்த தசாப்தத்தின் தொடக்கத்தில் கொழும்பு நகருக்கு அனுப்பப்பட்ட நீரில் ஏறத்தாழ அரைவாசி பழைய குழாய்களின் கசிவினாலும் முறைகேடான இணைப்புகளாலும் வருமானம் தராது போனது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் குழாய்கள் மாற்றப்பட்ட பின்னரே இவ்விழப்பு கணிசமாகக் குறைந்தது. இழப்பைக் குறைப்பதும் ஒரு வருமான வழியே என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இவற்றையெல்லாம் மக்கள் முன்னிலையில் விவாதிப்பதற்கான களம் எது? 2002 ஆம் ஆண்டின் சட்டத்தினால் உருவான இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, மின்கட்டண மாற்றத்துக்கு முன்னர் பொதுமக்களின் கருத்தைக் கேட்கின்றது. அச்சட்டத்தில் நீர் வழங்கலும் குறிப்பிடப்பட்டிருந்தபோதிலும், அதனை நடைமுறைப்படுத்தத் தேவையான தனிச்சட்டம் இல்லாமையினால் 2022, 2023 நீர்க்கட்டண உயர்வுகள் அத்தகைய விசாரணை எதுவுமின்றி வர்த்தமானி மூலமே மக்களை வந்தடைந்தன. 2003 இல் கொண்டுவரப்பட்ட நீர்ச் சேவைகள் மறுசீரமைப்புச் சட்டமூலம், மாகாண சபைகளின் கருத்தைப் பெறாமல் நிறைவேற்றப்பட முடியாதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீரைத் தனியார்மயமாக்கும் முயற்சியென மக்கள் விடுதலை முன்னணி உள்ளிட்ட தரப்புகளும் அதனை எதிர்த்தன. அந்த எதிர்ப்பு நியாயமானதாக இருக்கலாம். ஆனால், தனியாருக்கு வழிவிடாத, அதேவேளை மக்களின் குரலைக் கேட்கும் மாற்றுச் சட்டமொன்றை அதன்பின் மாறிமாறி ஆட்சிக்கு வந்த எவரும் நிறைவேற்றவில்லை.

பாதுகாப்பான குடிநீர் மனித உரிமையென ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலையில் பிரகடனம் செய்தது. உரிமை என்பதால் நீர் இலவசமாக வழங்கப்பட வேண்டும் என எவரும் வாதிடவில்லை. ஏழையால் செலுத்தக்கூடியதாகவும், எவ்வாறு கணிக்கப்பட்டதென அவர் அறியக்கூடியதாகவும் கட்டணம் இருத்தல் வேண்டும். அடிப்படைத் தேவைக்கான முதல் அலகுகளைச் சேவைக் கட்டணச் சுமையிலிருந்து விடுவிப்பதும், ஒரே மானியின் கீழுள்ள குடும்பங்களின் எண்ணிக்கையைப் பட்டியலில் கவனத்திற்கொள்வதும், கட்டண உயர்வுக்கு முன் பகிரங்க விசாரணையைக் கட்டாயமாக்குவதும் உடனடித் தேவைகளாகும். எதிரணியில் இருக்கும்போது குரலெழுப்புபவர்கள் இம்மூன்றையும் எழுத்திலான கோரிக்கைகளாக நாடாளுமன்றத்தில் முன்வைக்கட்டும். அன்று குரலெழுப்பி இன்று ஆள்பவர்கள் அவற்றுக்குச் செயலில் பதிலளிக்கட்டும்.